போர்ட்டோவில் மூன்று இரவு: டோரு ஆற்றங்கரைக்குப் போகிறவர்களின் கேள்விகள்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்துக்கும், ‘போர்ட்’ ஒயின் விளையும் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் சின்னதாக ஒரு பயணம் போய்வர நினைக்கிற வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். ஊர்ப் பெயர்களை அங்குள்ளவர்கள் சொல்லும் ஒலிக்குக் கிட்டத்தில் எழுதியிருக்கிறோம்.

கே: ஸ்பெயின் பயணத்தோடு போர்ட்டோவையும் சேர்த்திருக்கிறோம். இரண்டு நாள் போதும் என்கிறார் டிராவல் ஏஜென்ட். சரியா? (வாசகர், திருச்சி)

நகரம் மட்டும் என்றால் சரி. பழைய ஊர் சின்னது. ஆற்றோரத்து ரிபெய்ராவிலிருந்து கிளெரிகுஷ் கோபுரம் வரை நடந்தே போகலாம், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆனால் திராட்சை போர்ட்டோவில் விளைவதில்லை. அதைப் பார்க்க ஆற்றோடு கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், அதற்கு ஒரு முழு நாள் போய்விடும். ஆகவே மூன்று இரவு.

எதை முதலில் பார்ப்பது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். பெரும்பாலானவர்கள் வந்த மறுநாளே எதிர்க்கரையில் இருக்கும் ஒயின் கிடங்குகளுக்குப் போய்விட்டு, மிச்ச நாளில் முடிந்தால் பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். இதைத் திருப்பிப் போடுங்கள். வந்த நாள் மாலையில் பாலமும் படித்துறையும். இரண்டாம் நாள் ரயிலில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பின்யாவ். மூன்றாம் நாள் காலையில் நகரம், மாலையில் கிடங்கு. கல் மண்ணில் கொடி நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிடங்கில் வழிகாட்டி சொல்வது மண்டையில் ஏறும். இன்னொரு வசதியும் உண்டு: பள்ளத்தாக்கு ரயிலுக்கு முன்பதிவு இருக்கை கிடையாது. இரண்டாம் நாள் மழை என்று தெரிந்தால் மூன்றாம் நாளுக்குத் தள்ளிவிடலாம். கிடங்குக்கு மழை பிரச்னையே இல்லை.

கே: விளைவது ஓரிடம், பெயர் இன்னோரிடமா? ஏன் அங்கேயே முதிர வைக்கக் கூடாது? (வாசகி, கோயம்புத்தூர்)

கப்பலேறிய துறைமுகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. கிடங்குகள்கூட போர்ட்டோவில் இல்லை, ஆற்றின் தென்கரையில் வில நோவ டி காயா என்ற தனி ஊரில் இருக்கின்றன.

காரணம் வெயில். மராவ் மலைத்தொடர் அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்றை மறித்துவிடுவதால் மேல் டோரு பள்ளத்தாக்கில் கோடையில் 40 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் பீப்பாயில் இருக்கும் ஒயின் மளமளவென்று ஆவியாகும், சுவையிலும் ஒரு வெந்த வாடை ஏறும். காயா கடலுக்குப் பக்கம். வடக்குப் பார்த்த சரிவு, ஈரக் காற்று, ஆண்டு முழுக்க பெரிதாக ஏறி இறங்காத குளிர்ச்சி. அறுவடை முடிந்து வரும் வசந்தத்தில் ‘ரபேலு’ என்ற தட்டையடிப் படகில் பீப்பாய்களை ஏற்றி, பாறையும் சுழலுமான ஆற்றில் கீழே கொண்டுவருவார்கள். 1880-களில் ரயில் வந்தது, 1970-களிலிருந்து வரிசையாக அணைகள் வந்தன, படகுக்கு வேலை போனது. இன்று வருவது டேங்கர் லாரியில். காயா படித்துறையில் பீப்பாயோடு வரிசையாக நிற்கும் படகுகள் கம்பெனிகளின் விளம்பரப் பலகைகள்தான், ஆனாலும் ஜூன் 24 அன்று அவற்றுக்கு நிஜமாகவே பந்தயம் நடக்கும். காயா வழியாகத்தான் ஏற்றுமதி என்ற கட்டாயம் 1986-இல் தளர்ந்தது. இன்று மேலேயே ஏ.சி. கிடங்கு வைத்திருக்கிறவர்களும் உண்டு.

விளையும் பகுதிக்கு எல்லை வகுத்தது 1756-இல், போர்ச்சுகலின் அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபு. அப்போது கலப்படம் தலைவிரித்தாடியது. நிறம் கூட்ட எல்டர்பெர்ரிச் சாற்றைக் கலக்கிறார்கள் என்று அந்தச் செடிகளையே வேரோடு பிடுங்க உத்தரவு போட்டார். எல்லைக்கு நட்ட கருங்கல் தூண்களில் சில இன்னும் நிற்கின்றன.

‘பீப்பாய்’ என்ற நம் சொல்லே போர்ச்சுகீசிய ‘பீப்பா’தான். சாவி, ஜன்னல், மேசை எல்லாம் வந்த அதே கப்பலில் வந்தது. டோருவில் பீப்பா இன்றும் ஓர் அளவு: 550 லிட்டர்.

கே: ஏர்போர்ட்டிலிருந்து மெட்ரோவில் போகலாமா? டிக்கெட் குழப்பம் என்று கேள்விப்பட்டோம். (வாசகர், சென்னை)

போகலாம், அதுதான் மலிவு. ஊதா நிற E வழித்தடம். நகரின் நடு நிலையமான த்ரிந்தாட் வரை அரை மணி நேரம். அங்கே மஞ்சள் நிற D வழித்தடத்துக்கு மாறினால் சாவ் பெந்து நிலையம், அடுத்து பாலத்தின் மேல்தட்டு வழியாக காயா.

குழப்பம் ‘அந்தாந்த்’ என்ற பயணக் கார்டில் வருகிறது. ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒன்றையே குடும்பம் முழுக்கத் தேய்க்க முடியாது. விமான நிலையத்திலிருந்து நகருக்கு Z4 (நாலு மண்டலம்), நகருக்குள் Z2 (இரண்டு மண்டலம்) பயணம் ஏற்ற வேண்டும். ஒரு கார்டில் ஒரு நேரத்தில் ஒரு வகைப் பயணம்தான் இருக்கும். வந்ததும் ‘திரும்பும்போது உதவுமே’ என்று இரண்டு Z4 ஏற்றிவிட்டால், அதைத் தீர்க்கும் வரை Z2 ஏறாது. அதனால் முதலில் ஒரே ஒரு Z4. நகரில் இருக்கும் நாளுக்கு எண்ணி Z2. கடைசி நாள் கார்டு காலியான பின் மறுபடி ஒரு Z4.

பல நிலையங்களில் மறிக்கும் கதவு இல்லை. நடைமேடைக்குப் போகும் வழியில் மஞ்சள் கருவி ஒன்று நிற்கும், அதில் கார்டை வைத்து பச்சை விளக்கு எரிந்த பிறகே ஏறுங்கள். வண்டி மாறும்போதும் மறுபடி வைக்க வேண்டும். காசு கட்டியிருந்தும் கார்டைக் காட்டாமல் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணமாகவே எடுத்துக்கொண்டு அபராதம் போடுவார்கள். நள்ளிரவு தாண்டி இறங்கினால் டாக்ஸிதான்.

கே: அப்பா அம்மாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. எங்கே தங்குவது? (வாசகி, மதுரை)

படத்தில் அழகாகத் தெரியும் ரிபெய்ராவில் வேண்டாம். இரவு பதினோரு மணி வரை சத்தம், வெளியே எங்கே போவதென்றாலும் செங்குத்தான கருங்கல் சந்து. அந்தக் கற்கள் பல தலைமுறைக் கால்பட்டு வழுவழுத்துப் போயிருக்கின்றன, தூறல் விழுந்தால் இளவட்டங்களே வழுக்குவார்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது. அறை பிடிக்கும்போது லிஃப்ட் உண்டா, அது வாசலிலிருந்தே தொடங்குகிறதா என்று இரண்டையும் கேளுங்கள். த்ரிந்தாட், பொல்யாவ் சந்தைப் பக்கம் மேட்டின் மேல் கொஞ்சம் சமதளம். மெட்ரோவும் காலடியில்.

சுற்றிப் பார்க்க ஏறாமல் இறங்கும் வழி ஒன்று இருக்கிறது. சாவ் பெந்துவில் மெட்ரோ ஏறி அடுத்த கரையில் ஜார்திம் டு மொர்ரு நிலையத்தில் இறங்குங்கள். ஊர் முழுக்க அங்கிருந்து தெரியும், சூரியன் சாய்கிற நேரத்தில் புல்வெளியில் கூட்டம் உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே கேபிள் கார். அதில் கீழே காயா படித்துறைக்கு வந்து, ஆற்றோரம் சமதளத்தில் நடந்து, பாலத்தின் கீழ்த்தட்டு வழியாக ரிபெய்ராவுக்கு வந்துவிடலாம். திரும்ப மேலே ஏற, பாலத்தின் வடக்கு முனையருகே குயிந்தைஷ் இழுவை ரயில் இருக்கிறது. பராமரிப்புக்காக அவ்வப்போது நிறுத்துவார்கள், அன்றைக்கு ஓடுகிறதா என்று காலையிலேயே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடாவிட்டால் ஆற்றோரத்திலிருந்து டாக்ஸி.

அந்தப் பாலம் முதலாம் தோம் லூயிஷ் பாலம். 1886-இல் திறந்தது, ஒரே இரும்பு வளைவு 172 மீட்டர். ஈஃபில் கட்டியது என்று தெருவில் சொல்வார்கள். இல்லை, அவருடைய முன்னாள் கூட்டாளி தெயோபில் செய்ரிக் வடிவமைத்தது. ஈஃபில் கம்பெனியின் பாலம் சற்று மேலே இருக்கும் மரியா பியா ரயில் பாலம், 1877.

கே: பின்யாவ் ரயில் பற்றி விவரமாகச் சொல்லுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? (வாசகர், சேலம்)

முடியும். போக இரண்டரை மணி நேரம், வரவும் அதே. சுமார் 125 கிலோமீட்டர், ஒரு வழிக்குக் கட்டணம் 12 யூரோ அளவில். கீழே சொல்லும் நாலைந்து இடங்களில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

வண்டி கிளம்பும் இடம். சில வண்டிகள் சாவ் பெந்துவிலிருந்து, சில ஊரின் கிழக்கே இருக்கும் கம்பன்யாவிலிருந்து. கால அட்டவணையில் நிலையத்தின் பெயரைப் பாருங்கள். கம்பன்யா என்றால் சாவ் பெந்துவில் உள்ளூர் வண்டி பிடித்து ஐந்தாறு நிமிடத்தில் போய்விடலாம், ஆனால் மாறுவதற்குக் கால் மணி நேரம் கையில் வையுங்கள்.

இருக்கை. போகும்போது வலது பக்கம். பாதை வடகரையில் ஓடுகிறது, ஆறு வலப்புறம். இடம் பிடிக்கிறவர் வெல்வார், அதனால் அரை மணி முன்னால் நடைமேடைக்குப் போங்கள். முதல் ஒரு மணி நேரம் ஆறே கண்ணில் படாது, வீடுகளும் யூகலிப்டஸ் தோப்புமாகப் போகும், ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். பாலா என்ற சின்ன நிலையத்தை ஒட்டி ஆறு வந்து சேர்ந்துகொள்ளும், பிறகு தண்டவாளத்தை விட்டு விலகவே விலகாது. சில வண்டிகளில் ஜன்னலை இறக்கிவிடக்கூடிய பழைய பெட்டிகள் ஓடுகின்றன, அது கிடைத்தால் யோகம். திரும்பும்போது இடது பக்கம்.

எங்கே இறங்குவது. ரேகுவா பெரிய ஊர், டோரு அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. ஆனால் படிக்கட்டுத் தோட்டங்களின் நடுவில் நிற்க வேண்டுமென்றால் இன்னும் அரை மணி நேரம் போய் பின்யாவில் இறங்குங்கள். நிலையத்தின் சுவரிலேயே அறுவடைக் காட்சிகள்: 1937-இல் பதித்த 24 நீல ஓட்டுச் சித்திரங்கள். கூடை சுமக்கிறவர்கள், ஆற்றில் ரபேலு, காலால் திராட்சை மிதிக்கும் தொட்டி. இறங்கியதும் கூட்டத்தோடு ஓடாமல் பத்து நிமிடம் இதைப் பாருங்கள், இன்னும் ஒரு மணி நேரத்தில் பார்க்கப்போகிற அத்தனையும் அதில் வரிசையாக இருக்கிறது. நடந்து போகும் தூரத்திலேயே பொம்ஃபிம் தோட்டம் இருக்கிறது. சுவை பார்க்கவும் சுற்றிக் காட்டவும் முன்பதிவு வேண்டும், ‘வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது செப்டம்பரில் நடக்காது. படித்துறையிலிருந்து ஒரு மணி நேரப் படகுச் சுற்றும் உண்டு.

சாப்பாடு. சமையலறை மதியம் இரண்டரை வாக்கில் மூடினால் இரவு ஏழு ஏழரை வரை திறக்காது. பதினொன்றரைக்கு இறங்குகிறவர் தோட்டம் சுற்றிவிட்டு மூன்று மணிக்குச் சாப்பிடலாம் என்றால் பிஸ்கட்தான். முதலில் மேஜையைப் பிடித்து ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மிச்ச வேலை.

கடைசி வண்டி. ஒரு நாளைக்கு ஓடுவதே சில வண்டிகள். திரும்பும் நேரத்தை இறங்கியவுடன் நிலையப் பலகையில் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தியதைக் குறிவையுங்கள். அது தவறினால் இன்னொன்று இருக்கும். கடைசி வண்டியே தவறினால் போர்ட்டோவுக்கு டாக்ஸி வாடகையில் இன்னொரு நாள் தங்கியிருக்கலாம். பாதை வேலையோ வேலைநிறுத்தமோ இருந்தால் ஒரு பகுதிக்குப் பேருந்து விடுவார்கள். முந்தின நாள் மாலை போர்ச்சுகல் ரயில்வேயின் செயலியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கே: ரயிலுக்குப் பதில் போர்ட்டோவிலிருந்தே கப்பலில் போனால்? (வாசகர், புதுச்சேரி)

ரேகுவா வரை ஆறேழு மணி நேரம். தோட்டங்கள் கடைசிப் பகுதியில்தான் வரும், அதற்குள் பாதிப் பேர் மேல்தளத்தில் தூங்கிவிடுவார்கள். ஒரு விஷயத்துக்காக மட்டும் போகலாம்: கரபத்தேலு அணையின் நீர்ப்பூட்டு. பாசி படிந்த இரண்டு கான்கிரீட் சுவருக்கு நடுவில் கப்பல் நுழையும், பின்னால் கதவு மூடும், அடியிலிருந்து தண்ணீர் ஏற ஏறக் கப்பல் 35 மீட்டர் உயரும், பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். என்ஜினீயரிங் பிடித்த பிள்ளைகள் கூட வந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள், திரும்புவது ரயிலில். மற்றவர்களுக்கு ரயிலும் பின்யாவில் ஒரு மணி நேரப் படகும் போதும். நகருக்குள் ஓடும் ‘ஆறு பாலங்கள்’ படகு 50 நிமிடம், அலுக்காது.

கே: கார் வாடகைக்கு எடுத்துத் தோட்டம் தோட்டமாகப் போகலாம் என்று நண்பர்கள்... (வாசகர், ஈரோடு)

ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. சட்ட வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம், புதிதாக உரிமம் வாங்கியவருக்கு 0.2. ரேகுவாவிலிருந்து பின்யாவுக்குத் தென்கரையில் போகும் N222 சாலை அருமையானது, ஆனால் தோட்டங்களுக்கு ஏறும் கிளைச் சாலைகள் ஒரு வண்டி அகலம், பக்கத்தில் தடுப்புச் சுவர் இல்லை. நாலு நண்பர்களில் யார் தியாகி என்று முடிவான பிறகு காரைப் பற்றிப் பேசுங்கள்.

கே: ரூபி, டானி என்று ஏதேதோ பெயர். கிடங்கில் எதைக் கேட்டு வாங்கிச் சுவைப்பது? (பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருநெல்வேலி)

முதலில் இது ஏன் இனிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். திராட்சைச் சாறு புளிக்கத் தொடங்கி இரண்டு மூன்று நாளில், சர்க்கரையில் ஏறக்குறைய பாதி மிச்சம் இருக்கும்போதே, 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு என்ற கணக்கு. ஈஸ்ட் செத்துப்போகும், புளிப்பது நின்றுவிடும், சர்க்கரை அப்படியே தங்கிவிடும். கடைசியில் 19 முதல் 22 சதவீதம் ஆல்கஹால். சாதாரண ஒயின் 13-ஐ ஒட்டி இருக்கும்.

இதன் பிறகு எந்தப் பாத்திரத்தில் வைக்கிறார்கள் என்பதுதான் ரூபிக்கும் டானிக்கும் வித்தியாசம். பெரிய தொட்டியில், காற்று அதிகம் படாமல் இரண்டு மூன்று வருடம் வைத்தால் ரூபி. கருஞ்சிவப்பு, செர்ரிப் பழ வாசம். 550 லிட்டர் பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்தால் மரத்தின் வழியே காற்று புகுந்து நிறம் வெளுத்து டானி ஆகும். வெள்ளைத் தாளுக்கு முன்னால் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள்: பத்து வருட டானியின் விளிம்பு செங்கல் நிறம், நாற்பது வருடத்தினுடையது பச்சை கலந்த தேன் நிறம். வாசம் வாதுமை, உலர்ந்த அத்திப்பழம், காய்ச்சிய சர்க்கரை. பாட்டிலில் ‘10’ என்று போட்டிருந்தால் உள்ளே உள்ளது அத்தனையும் சரியாகப் பத்து வயது என்று எண்ண வேண்டாம், பல வயது ஒயின்களைக் கலந்து பத்து வருடச் சுவைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரே ஆண்டு அறுவடை, பீப்பாயில் குறைந்தது ஏழு வருடம் என்றால் அதற்குப் பெயர் ‘கொல்யெய்த்தா’. ‘வின்டேஜ்’ என்பது மிக நல்ல ஆண்டுகளில் மட்டும் எடுத்து, இரண்டு மூன்று வருடத்தில் பாட்டிலில் அடைத்து, பாட்டிலுக்குள்ளேயே பல்லாண்டு முதிர விடுவது.

முதல் தடவை போகிறவர் மூன்று கோப்பை கேட்டால் போதும்: வெள்ளை போர்ட் ஒன்று, எல்.பி.வி. எனப்படும் நாலைந்து வருடம் கழித்து பாட்டிலில் அடைத்த ரூபி ஒன்று, இருபது வருட டானி ஒன்று. பத்து வருடமும் இருபது வருடமும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, காசு எதற்குப் போகிறது என்று நாக்கே சொல்லிவிடும். நாற்பது வருடத்துக்கு விலை பல மடங்கு. அதை வேறு யாராவது வாங்கும்போது ஒரு வாய் வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவில் ஜாக்கிரதை. கோப்பைக்கு 50 மில்லி என்றால் மூன்றுக்கு 150 மில்லி. 20 சதவீதக் கணக்கில் அதில் இருக்கும் ஆல்கஹால், நம் ஊர் 650 மில்லி பீர் ஒரு பாட்டிலுக்குச் சமம். இனிப்பாக இருப்பதால் ‘கட்டிங்’ மாதிரி ஒரே மடக்கில் இறக்கிவிட்டு அடுத்த கிடங்குக்குப் படியேறுகிறவர்கள்தான் மாலையில் படித்துறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வயிற்றில் சாப்பாடு இருக்கட்டும், ஒரு நாளைக்கு ஒரு கிடங்கு. சுற்றிக் காட்டிச் சுவை பார்க்க வைப்பதற்குக் கட்டணம் பல இடங்களில் 20 யூரோவை ஒட்டி வரும். ஆங்கில வழிகாட்டி நேரத்தை முன்பதிவு செய்யுங்கள்.

கே: நான் குடிப்பதில்லை. போய்ப் பிரயோஜனம் உண்டா? (வாசகி, கும்பகோணம்)

உண்டு. ரயிலும் ஆறும் குடிக்கச் சொல்வதில்லை. கிடங்குச் சுற்றிலும் மண்ணும் மரமும் பீப்பாயும்தான் முக்கால் பங்கு. குடிக்காதவருக்கும் பிள்ளைகளுக்கும் திராட்சைச் சாறு உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு ஒயின் தரமாட்டார்கள். தோட்டங்கள் ஆலிவ் எண்ணெயும் எடுக்கின்றன, ரொட்டியில் தொட்டுப் பார்க்கக் கொடுப்பார்கள். அது ஒயினுக்குச் சளைத்ததல்ல.

கே: சுத்த சைவம். முட்டைகூட இல்லை. பட்டினியா? (வாசகர், மயிலாப்பூர்)

பட்டினி இல்லை, ஆனால் விசாரிக்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். ‘கால்து வெர்த்’ என்ற பச்சைக் கீரை சூப்பில் ஒரு துண்டு பன்றி சாசேஜ் மிதக்கும், அதை எடுத்துவிட்டாலும் சில கடைகளில் குழம்பே இறைச்சி வேகவைத்த தண்ணீர். உருளைக்கிழங்கு போண்டா போல உருட்டிவைத்திருப்பது பெரும்பாலும் ‘பொலின்யு’, உள்ளே உப்புக்கருவாடு. சீஸ் சாண்ட்விச் என்று ‘தோஷ்தா மிஷ்தா’ வாங்கினால் உள்ளே ஹாம். அதற்குப் பதில் ‘தோஷ்தா தெ கெய்ஜு’, வெறும் சீஸ். ஊரே கொண்டாடும் ‘பாஷ்டெல் தெ நாட்டா’ முழுக்க முட்டை மஞ்சள் கரு. போர்ட்டோவின் பெருமையான ‘ஃபிரான்செஸீன்யா’ மூன்று நான்கு வகை இறைச்சி அடுக்கிய சாண்ட்விச். சைவ வடிவம் போடும் கடைகள் உண்டு, மேலே ஊற்றும் குழம்பும் சைவமா என்று தனியாகக் கேட்க வேண்டும், அதில்தான் ஆள் மாட்டுவார்.

நம்பிக் கேட்கக்கூடியவை: தக்காளிச் சாதமான ‘அரோஷ் தெ துமாத்’ (வேகவைத்த தண்ணீரை மட்டும் விசாரியுங்கள்), காய்கறி சூப், வதக்கிய கீரை, வறுத்த உருளை, ஆலிவ், இலையுதிர் காலத்தில் தெருவில் சுடும் செஸ்ட்நட். நகரில் சைவ உணவகங்களும் இந்திய உணவகங்களும் இருக்கின்றன. சிக்கல் பின்யாவில்தான். அன்றைக்கு மட்டும் பொல்யாவ் சந்தையில் ரொட்டி, சீஸ், பழம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சைவம்’ என்றால் மீன் சாப்பிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு, அதனால் ‘இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்’ என்று இரண்டையும் சொல்லுங்கள்.

கேட்காமலே மேஜையில் ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் வைப்பார்கள். இலவசமில்லை. தொடாவிட்டால் காசு இல்லை, ஓர் ஆலிவை எடுத்தால் பில்லில் ஏறும்.

கே: எந்த மாதம்? திராட்சை மிதிக்க முடியுமா? (வாசகி, பெங்களூரு)

மே, ஜூன், செப்டம்பர் பாதிக்கு மேல், அக்டோபர் முன்பாதி. ஜூலை, ஆகஸ்டில் போர்ட்டோவில் மாலைக்கு மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும், அதே நாள் பின்யாவில் மதியம் கல் சுடும். நவம்பர் முதல் மார்ச் வரை மழை. ஜூன் 23 இரவு சாவ் ஜுவாவ் திருவிழா: ஊரே தெருவில் மத்தி மீன் சுட்டு, ஒருவர் தலையில் ஒருவர் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டு விடிய விடியத் திரியும். அறை வாடகை எகிறும், தூக்கம் கிடையாது.

அறுவடை செப்டம்பரில் தொடங்கும், தேதியை வெயில் தீர்மானிக்கும். சில தோட்டங்கள் காசு வாங்கிக்கொண்டு விருந்தினரையும் மிதிக்க விடுகின்றன, மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும். கருங்கல் தொட்டி, தொடை வரை பழக்கூழ், சில்லென்று இருக்கும். தோளோடு தோள் கோத்து இரண்டு வரிசை, இடது வலது என்று குரல் கொடுக்கக் கொடுக்க அடி அடியாக முன்னேற வேண்டும். இதே தாளத்தில் இரண்டு மணி நேரம். அப்புறம்தான் இசை வரும், இஷ்டம்போல் ஆடலாம். கால் எதற்கென்றால், பாதம் தோலைக் கிழிக்கும், விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு. அரைக்கால் சட்டை பழையதாக இருக்கட்டும், கறை போகாது.

கே: விசா? (வாசகர், நாகர்கோவில்)

ஷெங்கன். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கடைசி வரை போகாதீர்கள், மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. எந்த நாட்டில் அதிக இரவோ அந்த நாட்டிடம் விண்ணப்பம். இரவுகள் சமமென்றால் முதலில் நுழையும் நாடு. போர்ட்டோ விடுதியில் தலைக்கு இரவுக்கு 3 யூரோ நகர வரி தனி, 13 வயதுக்குக் கீழ் இல்லை.

கே: லெல்லு புத்தகக் கடை வரிசையில் நிற்கலாமா? (வாசகி, சென்னை)

1906-இல் கட்டிய சிவப்புப் படிக்கட்டு அழகுதான். நுழைவுச் சீட்டுத் தொகையை புத்தக விலையில் கழித்துக்கொள்வார்கள், வாங்கப்போகிறவர் காலை முதல் நேரத்துக்குப் பதிவு செய்துவிட்டுப் போகலாம். போட்டோவுக்கு மட்டும் என்றால் சாவ் பெந்து நிலைய மண்டபத்தில் ஜோர்ஜ் கொலாசு வரைந்த இருபதாயிரம் ஓடுகள் காசில்லாமல் காத்திருக்கின்றன. அங்கே அண்ணாந்து பார்க்கும்போது கைப்பை முன்பக்கம் இருக்கட்டும்.

கே: எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? உடையாமல் எப்படி? (வாசகர், தூத்துக்குடி)

இந்தியாவுக்குள் பெரியவர் ஒருவருக்குத் தீர்வையில்லாமல் இரண்டு லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், மூன்றாவது வைத்தால் வரம்பு தாண்டிவிடும். மிச்ச அரை லிட்டருக்கு 375 மில்லி அரைப் பாட்டில் ஒன்று சரியாக உட்காரும், கிடங்குக் கடைகளில் கேளுங்கள். விமான நிலையத்தில் வாங்கினால் முத்திரையிட்ட பையும் ரசீதும் வீடு வரை பிரிக்காமல் இருக்க வேண்டும், நடுவில் விமானம் மாறுகிறவர்கள் மறு சோதனையில் மாட்டுவது இங்கேதான். போர்ட்டோவில் கடையிலேயே வாங்கி செக்-இன் பெட்டியில் போடுவது நிம்மதி. ஒரு பாட்டில் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் என்பதை எடைக் கணக்கில் சேருங்கள்.

பாட்டிலை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். கழுத்துக்கு ஒரு தடித்த சாக்ஸ், ஏனென்றால் உடைவது முதலில் கழுத்து. பிறகு ஜீன்ஸின் ஒரு காலுக்குள் நுழைத்து மற்ற காலால் சுற்றி, பெட்டியின் நடுவில், எல்லாப் பக்கமும் துணி நாலு விரல் கனத்துக்கு இருக்கும்படி வையுங்கள். இரண்டு பாட்டில்களை ஒன்றோடொன்று உரசவிடாதீர்கள்.

எதை வாங்குவது என்றால், வீட்டில் மெல்ல மெல்லக் குடிப்பவருக்கு டானி. திறந்த பிறகு ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும், பிளாஸ்டிக் தலை வைத்த கையால் எடுக்கும் கார்க் என்பதால் திருகாணி வேண்டாம், பாட்டில் நின்றவாக்கில் இருக்கலாம். வின்டேஜ் என்றால் படுக்கவைத்து, வெயில் ஏறாத இடத்தில் காக்க வேண்டும். திறப்பதற்கு ஒரு நாள் முன் நிமிர்த்தி வண்டல் அடியில் தங்கவிட்டு, பின்னால் டார்ச் வெளிச்சம் வைத்துக்கொண்டு மெதுவாக வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள், கழுத்தில் கறுப்பாக வண்டல் வந்ததும் நிறுத்துங்கள். திறந்தால் இரண்டு மூன்று நாளில் தீர்த்தாக வேண்டும். வெள்ளை போர்ட் வாங்கினால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு டானிக் வாட்டர், நிறைய ஐஸ், ஒரு ஆரஞ்சு வில்லை, ரெண்டு புதினா இலை.